கெணத்துல பையன் புடிச்ச கட்லா: செதிலைப் பாத்து வயசு சொல்ல முடியுமாங்க?

கவுந்தப்பாடி மகள் கேட்டது:

எல்லாருக்கும் வணக்கமுங்க. மீன் வளக்கறவங்களும் மீனைப் பத்திப் படிச்சவங்களும் இங்க இருக்கீங்கன்னு தெரிஞ்சுதான் கேக்கறேன். கேள்வி ஒரே வரி. 8 கிலோ கட்லா மீன் ஒண்ணோட வயசை அதோட செதிலை வெச்சுக் கண்டுபுடிக்க முடியுமா? எதுக்குக் கேக்கறேன்னு சொன்னாத்தான் உங்களுக்கும் சரியாப் பதில் சொல்ல வரும். அதனால கொஞ்சம் நீளமாவே எழுதறேன், பொறுத்துக்குங்க.

எங்கப்பா தோட்டம் கவுந்தப்பாடிப் பக்கம். கீழ்பவானி வாய்க்காலுக்குக் கூப்புடு தூரம். மஞ்சள், கரும்பு, வரப்போரமாக் கொஞ்சம் தென்னை. நடுவுல ஒரு கெணறு, மாடு கட்டிக் கவலையில தண்ணி எறைச்ச காலத்துது. 60 அடி ஆழம், மேல 30க்கு 30 இருக்கும். தெக்குப் பக்கம் கல்லுப்படி தண்ணி வரைக்கும் எறங்குது. வாய்க்கால்ல தண்ணி உட்டா கசிவு வந்து கெணறு தானா ஏறிக்கும், வாய்க்கால் நின்னா எறங்கிக்கும். நாங்க பொறந்ததுல இருந்து அப்படித்தான்.

2016ல மழை பொய்ச்சு, அடுத்த கோடையில அந்தக் கெணத்துல மொழங்கால் தண்ணிதான் நின்னுது. இருந்த மீனெல்லாம் போச்சு. காஞ்சதுதான் காஞ்சுதுன்னு அப்பா ஆளு உட்டுச் சேறெடுத்தாரு, அடிப்பாறை தெரியற வரைக்கும். 2018 ஆவணியில பவானிசாகர் 100 அடியைத் தாண்டுச்சு பாருங்க, அந்த வருசம்தான் கெணறு மறுபடியும் கண்ணுக்குக் குளுகுளுன்னு ஏறுச்சு. எங்கம்மா உடனே தம்பியை அனுப்பி பவானிசாகர்ல இருந்து ஒரு பை மீன்குஞ்சு வாங்கியாரச் சொன்னாங்க. 100 குஞ்சு. அம்மாவே படியில எறங்கி உட்டாங்க. என் பையனுக்கு அப்ப 2 வயசு. நான் அவனை இடுப்புல வெச்சுக்கிட்டு மேல நின்னுட்டு இருந்தேன். அதுக்கப்பறம் தினமும் பொழுதோட சோத்துச் சட்டியைக் கழுவி, அந்தப் பருக்கையையும் தண்ணியையும் கெணத்துலதான் ஊத்துவாங்க. சட்டி சத்தம் கேட்டாலே மீனு மேல வரும்னு சொல்லுவாங்க. 2021ல அம்மா போயிட்டாங்க.

இப்ப விசயத்துக்கு வரேன். போன மாசம் பரீட்சை லீவுக்குத் திருப்பூர்ல இருந்து போயிருந்தோம். ஞாயித்துக்கெழமை ஒறம்பரையெல்லாம் வந்திருந்தாங்க, ஒட்டுக்கா ஒரு 14 பேரு. கெணத்துல மீன் புடிக்கலாம்னு தம்பிதான் ஆரம்பிச்சான். தூண்டின்னா பெருசா ஒண்ணுமில்லைங்க. காலித் தண்ணி பாட்டில்ல சுத்துன நரம்பு, முள்ளு, அறுந்த ரப்பர் செருப்புல வெட்டுன தக்கை. கடலைப் புண்ணாக்கையும் தவுட்டையும் பிசைஞ்சு, மைதா போட்டு இறுக்கி உருண்டை புடிச்சாங்க. பெரியவங்க ஆளாளுக்கு ஒண்ணொண்ணு ஜிலேபி மீனு (திலாப்பியா) புடிச்சு மேல போட்டாங்க, உள்ளங்கை அளவு. பையன் கீழ்ப்படியில உக்காந்துட்டான். இடுப்புல தாம்புக்கயிறு கட்டி மறுமுனையைத் தம்பி புடிச்சிருந்தான். ஒரு மணி நேரம் அவன் தக்கை அசையவே இல்லை. எந்திரிச்சு வாடா சாமின்னேன், வரலை.

தக்கை அசையாம ஒரே முழுங்காக் காணாமப் போச்சுங்க. பாட்டில் அவன் கையில கிறுகிறுன்னு சுத்துது. அவன் பயந்து நரம்பையே கையில புடிச்சுட்டான். தம்பி கத்தறான், "இழுக்காத மாப்ள, உடு, உடு, அது போற பக்கம் போகட்டும். நின்னா மட்டும் சுத்து." கெணறு முழுக்க மூணு சுத்து சுத்துச்சு. ஒரு தடவை மோட்டார் பைப்புப் பக்கம் போச்சு, போச்சுடா அறுந்துதுன்னு எல்லாரும் நெனச்சோம். அவனே பாட்டிலைத் தலைக்கு மேல தூக்கிப் புடிச்சு, நரம்பு பைப்புல படாம இந்தப் பக்கம் கொண்டாந்துட்டான். யாரும் சொல்லிக் குடுக்கலை. கால் மணி நேரம் இருக்கும். கடைசியில மீனு சலிச்சு சாஞ்சு மேல வந்துச்சு, வாயை மட்டும் தண்ணிக்கு மேல தெறந்து தெறந்து மூடிக்கிட்டு. மஞ்சள் அள்ளற கூடையை எடுத்துக்கிட்டுத் தம்பி இடுப்பளவு தண்ணியில எறங்கி, தலைப்பக்கமா அடியில கொடுத்துத் தூக்கினான். நரம்பைக் கடைசி வரைக்கும் பையன் மட்டும்தான் புடிச்சிருந்தான். ஆள்காட்டி வெரல் மடிப்புல நரம்பு அறுத்து ரத்தம் வந்திருக்குது, மேல ஏறி வந்து நான் பாத்துச் சொல்ற வரைக்கும் அவனுக்கே தெரியலை.

கொக்கித் தராசுல போட்டா 8 கிலோ 250 கிராம். நீளம் 2 அடி 8 அங்குலம். முதுகு கருங்கல்லு நெறம், வயிறு வெள்ளி. தலை மட்டும் பையனோட தலையை விடப் பெருசு.

அப்பா அதுவரைக்கும் கவலை மேட்டுக் கல்லுல உக்காந்து பாத்துட்டு இருந்தார். எந்திரிச்சு வந்தார். குனிஞ்சு மீனோட தலையில கையை வெச்சார். "இது உங்கம்மா உட்ட மீனு"ன்னார். அவ்வளவுதான் சொன்னார்.

பையன் கேட்டான், "நெசமாலுமே இது அம்மாயி உட்டதுங்களா அப்புச்சி?"

தம்பி சும்மா இருந்திருக்கலாம். "ஏனுங்ப்பா, 2022ல நானும் ஒரு பை உட்டனே, அதுல ஒண்ணா இருக்கும். அந்தக் குஞ்செல்லாம் இன்னுமா இருக்கப் போவுது"ன்னான். அவன் மனசுல ஒண்ணும் இல்லைங்க, தோணுனதைச் சொன்னான். அப்பா பதில் பேசலை. துண்டை ஒதறித் தோள்ல போட்டுக்கிட்டு மாட்டுச்சாளைக்குப் போயிட்டார்.

மீனை என்ன பண்றதுன்னு நாங்க தயங்கிட்டு நிக்கறப்ப அவரே அங்கிருந்து சத்தம் போட்டார், "கொழம்பு வைங்க. பேரன் திங்கோணும்னுதான் அவ உட்டா." மண்சட்டியில வெச்சு 14 பேரும் சாப்புட்டோம். அப்பா தலைத்துண்டு ஒண்ணு மட்டும் வாங்கிக்கிட்டார்.

பையன் ஒரே ஒரு செதிலை எடுத்துக் காம்பஸ் டப்பாவுல வெச்சிருக்கான். இருந்ததுலயே பெருசு, பழைய ரெண்டு ரூவாக் காசை விடக் கொஞ்சம் அகலம். லைட்டுக்கு நேராப் புடிச்சா மரத்தை அறுத்த மாதிரி வளையம் தெரியுதுங்க. மரத்துக்கு வளையம் எண்ணி வயசு சொல்ற மாதிரி இதுக்கும் சொல்லலாமாம்மான்னு தினமும் கேக்கறான். 2018ல உட்டதா இருந்தா ஏறக்கொறைய 7 வருசம். 2022ன்னா 3 வருசம் கூட முழுசா ஆகலை. தெரிஞ்சவங்க சொல்லுங்க. எங்கப்பாவுக்கு 74 வயசு. அவருக்கு இது தெரிஞ்சாகோணும்னு எனக்குத் தோணுது.

குஞ்சுப்பண்ணை சத்தி பதில்:

அக்கா, நான் 11 வருசமா மீன்குஞ்சு வளத்து விக்கறவன். செதிலைப் பத்தி என்னை விடத் தெரிஞ்சவங்க வருவாங்க. நான் வேற ஒண்ணு கேக்கறேன், அதுலயே பாதிப் பதில் இருக்குது.

உங்க தம்பி 2022ல உட்டது என்ன குஞ்சு? கட்லாவா, ரோகுவா, ஜிலேபியா?

ஏன் கேக்கறேன்னா கட்லா கெணத்துல குட்டி போடாது. குளம், குட்டை, எங்கயும் நிக்கற தண்ணியில போடாது. ரோகு, மிருகாலும் அப்படித்தான். மழைக்காலத்துல புது வெள்ளம் ஓடற ஆத்துலதான் முட்டை உடும். கங்கை, பிரம்மபுத்திரா, கோதாவரி, கிருஷ்ணா, அதுதான் அதோட பொறந்த ஊரு. நம்ம காவேரி, பவானியில கட்லா ஆதியில இருந்து இருந்த மீன் கெடையாது, மனுசன் கொண்டாந்து உட்டது. முன்னெல்லாம் வங்காளத்து ஆத்துல வலை கட்டிக் குஞ்சு புடிச்சு ரயில்ல அனுப்புவாங்க. 1957 ஜூலை 10ஆம் தேதி ஒடிசாவுல ஹீராலால் சௌத்ரிங்கறவர், மீன் மூளைக்கு அடியில இருக்கற பிட்யூட்டரி சுரப்பியில எடுத்த சத்தை ஊசியாப் போட்டுக் கெண்டை இனத்தைப் பண்ணையிலயே முட்டை உட வெச்சார். அதுல இருந்துதான் எங்க பொழப்பே. இன்னைக்கும் அந்தத் தேதியைத்தான் மீன் வளக்கறவங்க நாள்னு நாடு முழுக்கக் கொண்டாடறோம்.

அதனால உங்க கெணத்துல ஒரு கட்லா இருந்துதுன்னா அதை யாரோ ஒருத்தர் கையால உட்டிருக்கோணும். சேறெடுத்துப் பாறை தெரிஞ்ச கெணறுன்னா பழைய மீனுன்னு சொல்றதுக்கும் வழியில்லை. ரெண்டு பேருதான் கணக்கு: உங்கம்மா, இல்லாட்டித் தம்பி. தம்பி உட்டது ஜிலேபியா இருந்தா அங்கயே முடிஞ்சுது.

மீனு கட்லாதானான்னும் பாத்துக்குங்க. கட்லாவுக்கு வாய் மேல பாத்து இருக்கும், கீழ்த்தாடை முன்னால நீட்டிக்கிட்டு இருக்கும், மீசை இருக்காது. மேல்மட்டத்துல மேயற மீனு, அதனாலதான் அந்த அமைப்பு. ரோகு நடுத்தண்ணியில மேயும், உதடு ஓரம் குஞ்சம் வெச்ச மாதிரி இருக்கும், பொடி மீசை உண்டு. மிருகால் அடிமட்டம், வாய் கீழ பாத்து இருக்கும். நீங்க சொன்ன தலையளவைப் பாத்தா கட்லாதான்னு படுது.

நெரிஞ்சிப்பேட்டை பரிசல் பதில்:

எடையை வெச்சு வயசு சொல்றதுக்கு மட்டும் போயிடாதீங்க. எங்க கதவணைத் தண்ணியில நல்லாத் தின்ன கட்லா 3 வருசத்துல 6, 7 கிலோ போறதும் உண்டு, குட்டையில கூட்டமா அடைச்சு வெச்சது 5 வருசமானாலும் ரெண்டு கிலோவுலயே நிக்கறதும் உண்டு.

பையன் கையில நரம்பு அறுத்ததுக்கு டி.டி. ஊசி போட்டீங்களா? மீன் வழவழப்பு பட்ட காயம் சீக்கிரம் சீழ் கோத்துக்கும், பாத்துக்குங்க. அடுத்த தடவை வெரல்ல பழைய துணியைச் சுத்தி உடுங்க, இல்லைன்னா தோட்ட வேலைக்குப் போடற கையுறை. கயிறு கட்டி உக்கார வெச்சது ரொம்ப சரி. ஆனா கயித்தை மட்டும் நம்பாம நீச்சலும் பழக்கி உட்டுருங்க. அதே படியில, காஞ்ச சுரைக்குடுக்கையை முதுகுல கட்டி எறக்குனா ஒரு லீவுல பழகிக்குவான். நாங்கெல்லாம் அப்படித்தான் பழகுனோம். பைப்புல சிக்காமப் பாட்டிலைத் தூக்கிப் புடிச்சான் பாருங்க, அது சொல்லிக் குடுத்து வராது. அவனை நான் மெச்சினேன்னு சொல்லுங்க.

நாமக்கல் விலங்கியல் டீச்சர் பதில்:

உங்கள் மகன் கேட்டது சரியான கேள்வி. செதிலில் இருக்கும் வளையங்களை எண்ணி மீனின் வயதைச் சொல்ல முடியும். மீன் வளர வளரச் செதில்களின் எண்ணிக்கை கூடாது, ஒவ்வொரு செதிலும் மீனோடு சேர்ந்து அகலமாகும். நன்றாக மேய்ந்து வளரும் மாதங்களில் கோடுகள் தள்ளித்தள்ளி விழும். வளர்ச்சி தடைப்படும் மாதங்களில் நெருங்கி விழும். அந்த நெருக்கத்தைத்தான் ஒரு வருட வளையமாக எண்ணுவோம்.

குளிர்நாடுகளில் தண்ணீர் உறையும் அளவுக்குப் பனிக்காலம் வருவதால் வளையம் அழுத்தமாக விழும். நம் ஊரில் அப்படி இல்லை. கோடையில் தண்ணீர் வற்றி இரை குறைந்தாலும், நோய் வந்தாலும், இடையில் ஒரு பொய் வளையம் விழுந்துவிடலாம். அதனால் ஒரே செதிலைப் பார்த்து முடிவு செய்யக் கூடாது. ஐந்தாறு செதில்களாவது வேண்டும்.

உங்களிடம் இருக்கும் செதிலை வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு சொட்டு ஷாம்பூ விட்டு ஊறவைத்து, விரலால் மெதுவாகத் தேய்த்து அதன் மேல் இருக்கும் தோலை நீக்குங்கள். இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவில் வைத்து, அடியில் செல்போன் டார்ச்சைப் பிடித்துப் பூதக்கண்ணாடியால் பாருங்கள். முக்கியமாக நடுப்பகுதியைப் பாருங்கள். அங்கிருந்தே வளையங்கள் தொடங்க வேண்டும். நடுப்பகுதி கோடே இல்லாமல் மங்கலாக இருந்தால், அது பழைய செதில் உதிர்ந்த இடத்தில் பின்னால் முளைத்த செதில். அதற்கு முந்தைய வருடங்கள் அதில் பதிந்திருக்காது. படம் எடுத்துப் போடுங்கள், நானும் பார்க்கிறேன்.

கவுந்தப்பாடி மகள்:

மூணு பேருக்கும் ரொம்ப நன்றிங்க. ஊசி அடுத்த நாளே போட்டாச்சுங்ண்ணா.

டீச்சர், நீங்க சொன்ன மாதிரியே கழுவிப் பாத்தோம். படம் போட்டிருக்கேன். நடுவுல ஒரு பயறு அளவுக்கு வெறும் வெள்ளைதான் இருக்குது, அதைச் சுத்தி நாலு வளையம். பையன் மொகம் சுருங்கிப் போச்சு. நாலுன்னா அது அம்மாயி மீனும் இல்லை, மாமா மீனும் இல்லையேன்னான்.

நாமக்கல் விலங்கியல் டீச்சர்:

படம் பார்த்தேன். அது பின்னால் முளைத்த செதிலேதான். நாலுக்கு முன்னால் எத்தனை வருடம் என்பது அதில் இல்லை. இதை வைத்து ஒன்றும் சொல்ல வேண்டாம். வேறு செதில் கிடைக்குமா? முதுகுத் துடுப்புக்குக் கீழே, விலாவில் ஓடும் பக்கக்கோட்டுக்கு மேலே இருந்த செதிலாக இருந்தால் நல்லது. பக்கக்கோட்டுச் செதிலில் நடுவே ஒரு சின்னக் குழல் ஓடும், அது எண்ணுவதற்கு உதவாது.

கவுந்தப்பாடி மகள்:

நாலு நாள் கழிச்சு எழுதறேன். மீனைக் கழுவுனப்ப செதிலையெல்லாம் அள்ளித் தென்னை மரத்து வட்டப்பாத்தியில போட்டு மண்ணை இழுத்து உட்டிருந்தோம். அதை நான் பேச்சுவாக்குலதான் சொன்னேன். சனிக்கெழமை விடியக்காலையிலயே திருப்பூர்ல பஸ் ஏறோணும்னு பையன் ஒத்தைக்கால்ல நின்னான்.

போனதும் கொத்தை எடுத்துக்கிட்டு நேராத் தென்னைக்குப் போயிட்டான். அப்பாவும் பின்னாலயே போனார். கொத்துனா செதில் ஒடைஞ்சு போகும்னு கொத்தை வாங்கி வெச்சுட்டு, கையாலயே பறிச்சார். எறும்பு மொய்ச்சு வெச்சிருந்துது. தண்ணி பாஞ்ச பாத்தி, மூணு வாரம் ஆச்சு, மக்கியிருக்கும்னு நான் நெனச்சேன். ஒண்ணுமே ஆகலைங்க. ஈர மண்ணுக்குள்ள அப்படியே வெள்ளை வெளேர்னு ஒட்டிக்கிட்டு இருந்துது. தென்னை வேரு முடி மாதிரி அதுக்குள்ள பூந்து போயிருந்துது. 30, 40 செதில் எடுத்தோம். அப்பா ஒவ்வொண்ணா வேட்டி முனையில தொடைச்சுத் தொடைச்சு வட்டல்ல வெச்சார், பையன் ஒவ்வொண்ணா சூரியனுக்கு நேராப் புடிச்சுப் பாத்தான். நடு வெளுத்ததை ஒரு பக்கம், குழல் இருக்கறதை ஒரு பக்கம் ஒதுக்குனான். நல்லதா 9 தேறுச்சு.

கழுவிக் கண்ணாடிக்கு நடுவுல வெச்சுப் படம் எடுத்திருக்கேன். எங்க கண்ணுக்கு ஆறு தெரியுது. ரெண்டு செதில்ல ஓரத்தை ஒட்டி ஏழாவது ஒண்ணு இருக்கற மாதிரியும் இருக்குது. டீச்சர், நீங்க பாத்துச் சொல்லுங்க.

தம்பிகிட்டயும் கேட்டேன். என்ன குஞ்சுன்னு அவனுக்கு ஞாபகம் இல்லை. டெம்போவுல ஊருக்குள்ள வந்தவர்கிட்ட வாங்குனதாம். ஆனா அன்னைக்குப் பையைத் தூக்கிப் புடிச்சு எடுத்த போட்டோ அவன் போன்ல இருந்துது. அதையும் போட்டிருக்கேன். பண்ணைக்காரத் தம்பி பாத்துச் சொல்லுங்க.

குஞ்சுப்பண்ணை சத்தி:

அக்கா, பெருசு பண்ணிப் பாத்துட்டேன். ஒடம்புல குறுக்க மங்கலாக் கருப்புப் பட்டை, முதுகுத் துடுப்பு தலைக்குப் பின்னால ஆரம்பிச்சு வாலுக்குக் கிட்ட வரைக்கும் ஒரே நீளமா, முன்பக்கம் முள்ளு. எல்லாமே ஜிலேபி. இதுக்குக் கட்லாக் குஞ்சு மாதிரி பெரிய தலையும் இல்லை. டெம்போவுல வர்றவங்க பெரும்பாலும் இதைத்தான் வெச்சிருப்பாங்க, சாகாது, விக்கறது சுளுவு. பை ஓரத்துல போட்டோவுல தெரியாம ஒண்ணு ரெண்டு வேற குஞ்சு கலந்திருக்கவே இருக்காதுன்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன், கலப்படம் நடக்கும். ஆனா டீச்சரும் ஆறுன்னு சொல்லிட்டா அதுக்கு மேல பேச்சே இல்லை. 2022ல உட்ட மீனு மேல ஆறு வளையம் எப்படி வரும்?

அந்த ஜிலேபி 1952ல வெளிநாட்டுல இருந்து இங்க கொண்டாந்த மீனு. கட்லா மாதிரி இல்லாம கெணத்துலயே குட்டி போட்டுப் பெருகிக்கும், இரையெல்லாம் அதுவே தின்னுரும். அன்னைக்கு எல்லாருக்கும் உள்ளங்கை அளவுல கெடைச்சுதுன்னீங்களே, அதுதான் கணக்கு. அத்தனைக்கும் நடுவுல ஒரு கட்லா 8 கிலோ போயிருக்குதுன்னா உங்கம்மா ஊத்துன சோத்துத் தண்ணிக்கும் அதுல பங்கு இருக்குது.

நாமக்கல் விலங்கியல் டீச்சர்:

ஒன்பது செதில்களையும் தனித்தனியாக, முந்தையதைப் பார்க்காமல், இரண்டு முறை எண்ணினேன். பள்ளி நுண்ணோக்கியில் பார்த்தால் இன்னும் தெளிவாக இருக்கும், ஆனாலும் உங்கள் படங்களே போதுமான அளவுக்கு நன்றாக இருக்கின்றன. ஏழு செதில்களில் ஆறு வளையம். இரண்டில் ஆறும், ஓரத்தில் உருவாகத் தொடங்கியிருக்கும் ஏழாவதும். ஒன்பதிலும் ஒரே இடங்களில் வளையம் விழுந்திருப்பதால் பொய் வளையம் என்ற சந்தேகம் எனக்கு இல்லை. ஒன்றிரண்டு கூடக் குறைய வைத்துக்கொண்டாலும் மூன்று வயதுக்கு உட்பட்ட மீன் இது இல்லை. 2018 ஆவணியில் விரலளவுக் குஞ்சாக விட்டு 2025 மே மாதம் பிடித்த மீனுக்கு இந்தக் கணக்கு பொருந்துகிறது.

மகனிடம் சொல்லுங்கள்: ஒன்பதும் எந்தச் செதில் எங்கே கிடைத்தது, எத்தனை எண்ணினான் என்று ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதி வைக்கட்டும். சரியில்லாத செதில்களைத் தானே பார்த்து ஒதுக்கியிருக்கிறான். என் பதினோராம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அதை நான் இரண்டு வகுப்பு எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.

கவுந்தப்பாடி மகள்:

டீச்சர் எழுதுனதை அப்பாவுக்குப் போன்லயே படிச்சுக் காட்டுனேன். "ம்"னார். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்பறம், மூணாவது வளையத்துக்கு மேல எல்லாம் நெருக்கமா இருந்துதே, அது எதுனாலன்னு அந்த டீச்சரைக் கேளுன்னார். நானே கவனிக்கலைங்க, அவரு பாத்து வெச்சிருக்கார். அம்மா போனதுக்கப்பறம் கெணத்துல யாரும் சோறு ஊத்தலையாம். அதுதான் அதுல எழுதியிருக்குதுன்னு சொல்றார்.

தம்பியும் அன்னைக்கு ராத்திரியே அப்பாகிட்டப் போய், "நீங்க சொன்னதுதானுங்ப்பா சரி"ன்னுட்டு வந்திருக்கான்.

நாமக்கல் விலங்கியல் டீச்சர்:

மீன் பெரிதாகப் பெரிதாக வளர்ச்சி வேகம் தானாகவே குறையும், வளையங்கள் நெருங்கும். எல்லாப் பெரிய மீனிலும் அது உண்டு. இரை குறைந்தாலும் நெருங்கும். இரண்டையும் பிரித்துச் சொல்ல இந்த ஒரு மீன் போதாது. ஆனால் 2021க்கு நேரான இடத்தைத்தான் உங்கள் அப்பா காட்டியிருக்கிறார், அது சரிதான்.

கவுந்தப்பாடி மகள்:

அவருகிட்டச் சொல்லிட்டேனுங்க டீச்சர். இப்பத் தினமும் பொழுதோட அவரே சட்டி கழுவி ஊத்தறாராம்.

கடைசியா ஒண்ணு கேட்டுக்கறேன். ஆவணியில வாய்க்கால்ல தண்ணி வந்து கெணறு ஏறுனதும் மறுபடி குஞ்சு உடோணும்னு அப்பாவும் பையனும் பேசி வெச்சிருக்காங்க. கட்லா மட்டும் போதும்ங்கறான். எத்தனை உடலாம்? எப்படி உடறது?

குஞ்சுப்பண்ணை சத்தி:

30க்கு 30 கெணறுன்னா ரெண்டு சென்ட்டுப் பரப்பு. குட்டையா இருந்தா சென்ட்டுக்கு 40 உடலாம், கெணத்துல காத்தோட்டம் கம்மி, மொத்தமே 40 போதும். கட்லா மட்டும் உட்டா மேல்மட்டத்து இரை மட்டும்தான் தீரும். 15 கட்லா, 15 ரோகு, 10 மிருகால்னு பிரிச்சு உடுங்க, மூணும் மூணு மட்டத்துல மேஞ்சுக்கும். பொடிக்குஞ்சு வாங்காதீங்க, இருக்கற ஜிலேபி தின்னுரும். வெரலை விடக் கொஞ்சம் பெருசா, 4 அங்குலத்துக்கு மேல வாங்குங்க. அதுக்குள்ள தூண்டி போட்டு எவ்வளவு ஜிலேபி எடுக்க முடியுமோ எடுத்துருங்க, பையனுக்கு ஆடி வரைக்கும் ஞாயித்துக்கெழமை வேலை ஆச்சு.

கொண்டாந்ததும் பையை அவுத்துக் கொட்டிராதீங்க. கட்டுனபடியே தண்ணியில 20 நிமிசம் மெதக்க உடுங்க, உள்ளயும் வெளியவும் சூடு சமமாகோணும். அப்பறம் வாயை அவுத்துக் கெணத்துத் தண்ணியைக் கொஞ்சம் கொஞ்சமா உள்ள உட்டுக் கலக்குங்க. பையைத் தண்ணிக்குள்ளயே சாய்ச்சுப் புடிச்சா அதுவாப் போகும்.

கவுந்தப்பாடி மகள்:

இதை அப்பாகிட்டப் படிக்கறப்பவே குறுக்க உழுந்தார். "தெரியும். அன்னைக்கு உங்கம்மாவும் படியில உக்காந்து பையைத் தண்ணியில போட்டு ஒரு கையால புடிச்சுக்கிட்டே இருந்தா. இன்னும் எவ்வளவு நேரம் உக்காந்திருப்பன்னு நான் மேல இருந்து சத்தம் போட்டேன். அதுக்குப் பழகட்டும், நீங்க போங்கன்னா."

பை புடிக்கறது யாருன்னு இப்பவே ரெண்டு பேருக்கும் தகராறு. பையன்தான் புடிக்கறானாம். அப்புச்சி அவன் இடுப்புக் கயித்தைப் புடிச்சுக்குவாராம்.